எழுபத்தாறு மைக்ரான்

நெகிரி மாநிலத்து ரந்தாவ் ஊரில் காரைப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ரதியின் வீடு தெரியும். தமிழ்ப்பள்ளியைத் தாண்டி, எண்ணெய்ப்பனை தொடங்குகிற இடத்தில் உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீடு. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை போட்ட போர்ச், சுவரோரம் இரண்டு வாளி, கொடியில் காயும் துணிகள், அவ்வளவுதான் அடையாளம். துணிகளில் நிறத்துக்கு ஒரு வேலை உண்டு. நீலத்தால் கழுவிய தண்ணீரை ஒற்றுவாள். மஞ்சளால் பாலிஷை எடுப்பாள். வெள்ளை கடைசித் துடைப்புக்கு மட்டும். எந்தத் துணியாவது தரையில் விழுந்துவிட்டால் அது மறுபடியும் காரைத் தொடாது. கணவன் குணாளனின் லாரிக்குப் போய்விடும். குணாளன் பனைக்குலை ஏற்றுகிறவன்.

"நெகிரி முழுக்கத் தேடுங்க, இவ்ளோ நல்ல துணியில தொடைக்கிற குலை லாரி என்னுது ஒண்ணுதான் லா" என்று அவன் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

ரதிக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடும் அவள் இதற்கு வரவில்லை. பதினேழு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட இறங்கியவள். உளியைப் பட்டையில் வைத்து இழுத்தால் சீவல் காகிதக் கனத்துக்கு வரவேண்டும். மேலாகச் சீவினால் பால் இறங்காது. கொஞ்சம் அழுத்திவிட்டால் உளி உள்மரத்தைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் எவராலும் ஒழுங்காகக் கோடு இழுக்க முடியாது. மாதம் ஒருமுறை, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சன்னாசி மரத்துக்கு மரம் குனிந்து பார்த்து, காயம் பட்ட இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். திட்டமாட்டார். வட்டம் மட்டும்தான். மறுநாள் விடியற்காலையில் அந்தப் பக்கம் நடக்கிற பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்ப்பார்கள். பத்து வருஷத்தில் ரதியின் மரங்களில் அவர் போட்ட வட்டம் மொத்தம் நான்கு. அந்த ரப்பர்க் காடு அழிந்து பனை நட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்த நான்கும் எந்தெந்த மரம், எந்தப் பக்கம் என்று அவள் இன்றைக்கும் சொல்லுவாள்.

ரப்பர் போனதும் அவள் சிரம்பானில், லோபாக் பக்கம் ஒரு கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போனாள். சக்கரம் துடைத்த துணியாலேயே கூரையையும் துடைப்பார்கள். வெயிலில் கொதிக்கும் காரில் சோப்பை ஊற்றிக் காயவிடுவார்கள். கறுப்புக் கார்களின் மேல் மத்தியான வெயில் விழும்போது சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கீறல்கள் மின்னும்.

"பாஸ், இந்த வட்டமெல்லாம் எங்கேருந்து வருது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கார் பழசாச்சு லா, வேற என்ன" என்றான் முதலாளி.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வாராவாரம் வரும் ஒரே காரை வாராவாரம் கவனித்தாள். போன வாரம் இல்லாத கீறல் இந்த வாரம் இருந்தது. நாம்தான் போடுகிறோம் என்று அவளுக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது. போட்டதை எடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள மூன்று வருஷம்.

கைப்பேசியில் ஒரு தாய்லாந்துக்காரர் பாலிஷ் போடுகிற காணொளிகளைப் பார்ப்பாள். பேச்சு ஒரு வார்த்தை புரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் கையை மட்டும் பார்த்தாள். மிஷினை எவ்வளவு மெதுவாக நகர்த்துகிறார், அதன் முகத்தில் மாட்டும் பஞ்சுப் பேடை எந்த இடத்தில் மாற்றுகிறார், எத்தனை சொட்டு பாலிஷ் விடுகிறார். பிறகு, பழைய இரும்புக் கடையிலிருந்து குணாளன் லாரியில் ஏற்றி வந்த ஐந்து கார் பானட்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்து வேலையைத் தொடங்கினாள். எல்லாரும் பானட்டைப் பளபளப்பாக்கப் பழகுவார்கள். ரதி அதைக் கெடுக்கப் பழகினாள். காரின் நிறத்துக்கு மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருக்கிறது. அதைத்தான் தேய்க்கிறோம், அது தீர்ந்தால் கார் தீர்ந்தது. அந்தப் பூச்சுக்கு அவள் வைத்த பெயர் தோல். தோல் எங்கே கிழிகிறது என்று தெரியாமல் எங்கே நிறுத்துவது? வேண்டுமென்றே தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கினாள். வெள்ளைப் பேடில் காரின் நிறம் ஒட்டத் தொடங்கும் நொடியில் நிறுத்தி, பெயிண்டின் கனம் காட்டும் மீட்டரை வைத்து எண்ணைப் பார்த்தாள். அந்த மீட்டர் மைக்ரான் கணக்கில் காட்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் இரண்டு கறுப்பு பெர்டானா காருடையவை; ஒன்று அறுபத்தாறில் நிறம் விட்டது, மற்றது அறுபத்து மூன்றில். இரண்டையும் சுவரில் ஆணியால் கீறி வைத்தாள். பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் பத்து மிச்சம் வைக்க வேண்டும். கறுப்பு பெர்டானாவுக்கு எழுபத்தாறு. அதற்குக் கீழே மிஷின் போகக் கூடாது. சட்டம் அவளே போட்டது, இதுவரை ஒருமுறையும் மீறாதது.

இப்படிப்பட்டவள்தான் போன ஆயுத பூஜையன்று கோயில் வாசலில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்று ரந்தாவ் கோயிலுக்கு முன்னால் நாற்பது, ஐம்பது வண்டிகள் மாலையோடு நின்றன. ரதி சாமி கும்பிட்டுவிட்டு வந்து வரிசை வரிசையாகப் பானட்டுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"உள்ள ரெண்டு நிமிசம், வெளிய அர மணி நேரம். நீ யாரக் கும்பிட வந்த?" என்றான் குணாளன்.

வரிசையின் கடைசியில் ஒரு கறுப்பு பெர்டானா. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அவர் இராஜரத்தினம். சிரம்பான் தெமியாங்கில் இருக்கிறார், அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஒருகாலத்தில் இந்த ஊர்த் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. அந்தப் பழக்கத்தில் வருஷா வருஷம் காரை இந்தக் கோயிலுக்குத்தான் கொண்டுவருவார். காரின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னின. பானட்டின் நடுவில் மட்டும் மூன்று பட்டையாக வெளிறிப்போய், அதன் மத்தியில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு.

அதைத்தான் தேவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிரம்பான் போகும் சாலையில் ஸ்ப்ரே பெயிண்ட் கடை வைத்திருப்பவன். நல்ல வேலைக்காரன், ஊரில் அடிபட்ட கார்களில் பாதி அவன் கைக்குத்தான் போகும்.

"அங்கிள், இது பாலிஷுக்கெல்லாம் அடங்காது. முழு பானட்டும் சுரண்டி அடிக்கணும்."

"பதினாறு வருஷம் கம்பெனிப் பெயிண்ட் அப்பிடியே வைச்சிருக்கிறன் தம்பி. அடிச்சால் மற்ற இடத்தோட ஒத்து வருமே?"

"கிட்டத்தட்ட வரும்."

அந்தக் 'கிட்டத்தட்ட' ரதிக்குப் பொறுக்கவில்லை. யாரும் கேட்காமலே முன்னால் போனாள்.

"அடிக்க வேணாம் ஐயா. கம்பெனிப் பெயிண்டு ஒருவாட்டி போனா போனதுதான். நான் எடுத்துத் தரேன். ஒரு தழும்பு தெரியாது."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். தேவன் சிரித்தான். "அக்கா, சட்டி வெளக்குற மாதிரி இல்ல இது."

"சட்டியும் நல்லாத்தான் வெளக்குவேன். வீட்டுக்கு வந்து பாருங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தேவனுக்கு முகம் மாறியது. "சரி. தழும்பு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா உங்க கடைக்கு வந்து, உங்க ஆளுங்க முன்னால, எனக்கு வேலை தெரியலன்னு சொல்லிட்டுப் போறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் குணாளன் கேட்டான்: "மீட்டரு வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"ஒவ்வொரு காரையும் அளந்துட்டுத்தான் பேசுவ. இன்னிக்கு என்ன ஆச்சு?"

சட்டி என்று தேவன் சொன்னதுதான் ஆனது என்று ரதிக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இராஜரத்தினம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கையில் ஒரு மடக்கு நாற்காலியும் நாளிதழும். பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அர்த்தம். ரதிக்கு அது பிடித்திருந்தது.

முதல் வாளியில் சோப்பு, இரண்டாவது வாளியில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு துடைப்புக்கும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் தோய்ப்பாள். கழுவி ஒற்றிய பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினாள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். களிமண் கட்டியை வழவழப்புத் தண்ணீரோடு சேர்த்து, அந்தச் சொரசொரப்பு அடங்கும்வரை இழுத்தாள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் டேப் ஒட்டினாள், அங்கேதான் பெயிண்ட் மெலிந்திருக்கும்.

"ஐயா, இந்த மூணு பட்டை எப்பிடி வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமையில திருநீறு பூசுவன். நடுவில சந்தனமும் குங்குமமும்."

"அடுத்த வெள்ளிக்கு?"

"பழசைத் துடைச்சிட்டுப் புதுசு."

"தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான?"

பெரியவர் நாளிதழைத் தாழ்த்தினார். "திருநீறைக் கழுவி லோங்காங் சாக்கடையில விடுறதே? கால்பட்ட தண்ணியோட போகும். உலர்ந்த வேட்டித் துண்டாலதான் துடைக்கிறனான். துண்டைத் தனியாத் தோய்ச்சு துளசிக்கு ஊத்துவன்."

ரதி கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தாள். பதினாறு வருஷம், வாரம் ஒரு தடவை. சாம்பல் என்பது பொடியாக்கிய மணல் மாதிரி. காய்ந்த சாம்பலைக் காய்ந்த துணியால் எண்ணூறு தடவை பெயிண்டில் தேய்த்திருக்கிறார், அதுவும் மூன்று விரல் அகலத்துக்கு ஒழுங்காக, ஒரே இடத்தில். பக்தியில் குறையே இல்லாததால் வந்த கேடு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அவள் வீட்டுத் திருநீறும் சாக்கடைக்குப் போனதில்லை.

"இனிமே மொதல்ல ஈரத் துணிய அது மேல போட்டு ஊற வைங்க ஐயா. ஒத்தி எடுங்க, இழுக்காதீங்க. அந்தத் துணியத் துளசிக்கே புழிங்க. சாமிக்கும் கொறை இல்ல, காருக்கும் கொறை இல்ல."

"இதைப் பதினாறு வருஷம் முந்திச் சொல்ல ஒருத்தரும் இல்லையே, பிள்ளை" என்றார் அவர்.

பிறகு மீட்டரை வைத்தாள். பானட்டின் ஓரங்களில் நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பத்து. பட்டைகளில் நூற்று நான்கு. தாராளமாக வேலை செய்யலாம். நடுவட்டத்தில் வைத்தாள். எண்பத்திரண்டு.

தள்ளி வைத்துப் பார்த்தாள், எண்பத்து மூன்று. மறுபடி நடுவில். எண்பத்திரண்டு. வேட்டித் துண்டு இந்த வேலையைச் செய்யாது.

"ஐயா, இந்த எடத்துல வேற என்னமோ போட்டுத் தேய்ச்சிருக்கீங்க."

"இல்லையே."

"ஐயா."

இராஜரத்தினம் நாளிதழை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "பக்கத்து வீட்டு ஆள் சொன்னார். பற்பசை போட்டால் போகும் எண்டு."

"எத்தன தடவை?"

"ஒரு மூண்டு மாசம். சனிக்கிழமையில." குரல் இறங்கியது. "பழைய பிரஷ்தான். புதுசு இல்ல."

லாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குணாளன் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டான். உள்ளேயிருந்து அவன் இருமுகிற சத்தம் கேட்டது, சிரிப்பை அடக்குகிற இருமல்.

ரதி சிரிக்கவில்லை. எண்பத்திரண்டிலிருந்து எழுபத்தாறு வரை ஆறு மைக்ரான். குங்குமத்தில் கலந்திருக்கும் சுண்ணாம்பு வெயிலில் காய்ந்து உள்ளே அரித்த ஆழம் எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது. ஆறுக்குள் இருந்தால் அவள் சொல் நிற்கும். ஆறுக்கு மேல் இருந்தால்?

வேலையைப் பட்டைகளில் தொடங்கினாள். எப்போதுமே மென்மையானதுதான் முதலில். வெள்ளைப் பேடில் நான்கு சொட்டு பாலிஷ், ஒரு முழம் நீள அகலத்துக்கு மட்டும். மிஷினைத் தட்டையாக வைத்து, அதன் கனத்துக்கு மேல் தன் கனத்தைச் சேர்க்காமல், நத்தை போவதுபோல் நகர்த்தினாள். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் அவளே ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும்வரை சரி, நின்றுவிட்டால் அழுத்துகிறோம் என்று பொருள். மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம். துடைத்து டார்ச் அடித்தாள். மெல்லிய கீறல்கள் போயிருந்தன, தடித்தவை இருந்தன. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் வீரியமான மருந்தும் மைக்ரோஃபைபர் பேடும். ஒவ்வொரு முழத்துக்கும் பேடைப் பிரஷால் வாரி, சூடேறியதை ஆறப்போட்டு அடுத்ததை மாட்டினாள். கையால் தொட்டுப் பார்த்துப் பானட் சூடாக இருந்தால் நிறுத்திவிடுவாள்.

பத்தரைக்கு முதல் பட்டை போயிற்று. பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பன்னிரண்டுக்கு மூன்றும் போயின. போர்ச்சுக்கு வெளியே நின்ற பனை ஓலை ஒவ்வொன்றும் பிரிபிரியாகப் பானட்டில் தெரிந்தது. இராஜரத்தினம் எழுந்து தன் முகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். ரதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த இடமே இதுதான்.

இன்னும் நடுவட்டம் இருந்தது.

சின்னப் பேடை மாட்டினாள். முதல் சுற்று முடிந்து துடைத்து மீட்டர் வைத்தாள். எண்பது. வட்டம் மங்கியிருந்தது. இரண்டாவது சுற்று. எழுபத்தெட்டு. விளிம்பு கரைந்து, ஈரக் கோப்பை வைத்து எடுத்த தடம்போல ஆனது. மூன்றாவது சுற்றை மெல்லிய பாலிஷால் போட்டாள். எழுபத்தாறு.

டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் இல்லை. சாய்த்து அடித்தால் ஒரு நிழல்வட்டம். தெரியாதவர் பார்த்தால் தெரியாது. தேவன் பார்த்தால் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு சுற்று. எழுபத்து நான்கு. நிறம் விடும் அறுபத்தாறுக்கு இன்னும் எட்டு இருக்கிறது, ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. நாலைந்து வருஷ வெயிலில் அந்த இடம் மட்டும் செத்து, வெள்ளையாக உரியத் தொடங்கும். அப்போது ரதி பாலிஷ் போட்ட கார் என்று யாருக்கும் நினைவிருக்காது. அவளுக்கு இருக்கும். அவள் கை மிஷினின் சுவிட்சின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த குணாளன் பார்த்தான். அவளுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கறுப்பு பாட்டில் இருக்குல்ல, பாலிஷ் வாங்குனப்ப சும்மா குடுத்தாங்களே. அதப் போட்டா மூடிக்கும்னு நீதான சொன்ன."

இருந்தது. கீறலுக்குள் எண்ணெய்போல இறங்கி நிரப்பிக் காட்டும் திரவம். மூன்று தடவை கார் கழுவினால் கரைந்துவிடும். அதற்குள் தேவன் பார்த்துவிடுவான், பேச்சு முடிந்துவிடும்.

"மூடிக்கும்" என்றாள். "மூணு வாரம் மூடிக்கும். பொறவு ஐயா காலையில பாப்பாரு. என்ன நெனப்பாரு?"

"கடைக்குப் போய் வேலை தெரியலன்னு சொல்றதுக்கு அது தேவல."

"எனக்குத் தேவல இல்ல."

குணாளன் அவளை ஒரு பார்வை பார்த்தான். "சரி லா. நானும் வரேன். தனியாப் போகாத."

ரதி மெழுகு பூசி, வெள்ளைத் துணியால் எடுத்து முடித்த பிறகு பெரியவரைக் கூப்பிட்டாள். டார்ச்சை அவளே சாய்த்துக் காட்டினாள்.

"மத்ததெல்லாம் போச்சு ஐயா. இது இவ்ளோதான். இதுக்கு மேல எடுத்தா தோலு தாங்காது. மெழுகு மட்டும் விடாமப் போடுங்க, இந்த எடத்துல மிஷின் இனிமே யாரும் வைக்கக்கூடாது, நானும்தான்."

இராஜரத்தினம் குனிந்தார். இடப்பக்கம் போனார், வலப்பக்கம் வந்தார். "எங்க இருக்கு எண்டு நீர் காட்டினபடியாத்தான் தெரியுது. எனக்கு இது காணும், பிள்ளை."

"உங்களுக்குப் போதும். நான் பத்துப் பேரு முன்னால சொன்னேன். வாங்க, தேவன் கடைக்குப் போவோம்."

"அவனிட்ட ஏன் போகவேணும்? அவன் காணவே மாட்டான்."

"அவன் வந்து காணறதுக்கு முன்னால நான் போயிறணும் ஐயா."

தேவனின் கடையில் நாலைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு பெர்டானா உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவராகக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். குணாளன் வாசலிலேயே லாரியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தேவன் விளக்கை இழுத்துவந்தான். ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துப் பட்டைகள் இருந்த இடத்தில் அடித்து அழுத்தித் துடைத்தான். எண்ணெய் போட்டு மறைத்திருந்தால் ஸ்பிரிட் அதை வெளியே இழுத்துவிடும். எதுவும் வெளியே வரவில்லை. மறுபடியும் அடித்தான். மறுபடியும் துடைத்தான். பிறகு விளக்கைச் சாய்த்து நடுவுக்கு வந்தான்.

"அக்கா. இங்க ஒண்ணு இருக்கு."

"இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்." ரதி கடை ஆட்கள் எல்லோரையும் பார்க்கும்படி திரும்பி நின்றாள். "ஒரு தழும்பு தெரியாதுன்னேன். தெரியுது. அன்னிக்கு மீட்டரு வைக்காம வாயக் குடுத்தேன், அது என் தப்பு. ஆனா எனக்கு வேலை தெரியலன்னு சொல்லமாட்டேன். தெரிஞ்சதுனாலதான் நிறுத்துனேன்."

ஒருவன் லேசாகச் சிரித்தான். தேவன் அவனைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"எத்தனையில நிறுத்துனீங்க?"

"எழுபத்தாறு. எண்பத்திரண்டுல வந்துச்சு."

"எண்பத்திரண்டா? நடுவுல மட்டுமா?"

"பற்பசை" என்றார் இராஜரத்தினம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு.

தேவன் உள்ளே போய்த் தன் மீட்டரை எடுத்துவந்தான். நடுவில் வைத்தான். எழுபத்தாறு. நான்கு பக்கமும் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தான். எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தாறு. குழியில்லாமல், மேடில்லாமல், சுற்றியிருந்த பெயிண்டோடு சீராகச் சேர்ந்திருந்தது. அவன் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான்.

"நானா இருந்தா இங்க நிறுத்தியிருக்க மாட்டேன் அக்கா" என்றான்.

மீட்டரைச் சட்டைப்பையில் சொருகினான்.

"ஓட்டையாக்கியிருப்பேன். பொறவு, பாத்தீங்களா அங்கிள், நான் அப்பவே சொன்னேன்னு அடிச்சிருப்பேன்." விளக்கை அணைத்தான். "அங்கிள், இந்தக் காருக்கு நான் அடிக்கமாட்டேன். வேற யாரும் அடிக்கிறேன்னு சொன்னாலும் குடுக்காதீங்க."

இராஜரத்தினம் தலையை ஆட்டினார். "ஓம், குடுக்கமாட்டன்." அவர் குரல் சற்று உரக்கவே வந்தது, எல்லாருக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

வாசலில் குணாளன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். "தேத்தண்ணி இருக்கா தேவா, இல்ல பேச்சு மட்டுந்தானா?"

தேநீர் வந்தது. ரதிக்கு ஒரு நாற்காலியும் வந்தது; அதைத் துடைத்துப் போட்டவன், சற்றுமுன் சிரித்தவன்தான். அவள் உட்காரவில்லை. கடையின் பின்பக்கம் புதிதாக ஸ்ப்ரே அடித்து முடித்த ஒரு சிவப்பு மைவி கார் நின்றிருந்தது. கோப்பையோடு அதைச் சுற்றி வந்தாள். நிறம் அருமையாக வந்திருந்தது. பாலிஷ் போட்ட இடமெல்லாம் வளையம் வளையமாக மிஷின் ஓடிய தடம். தேவன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"அது எங்களுக்கு எப்பவும் வருது" என்றான். சொல்ல அவனுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. "அடிக்கிறதுல கொறை சொல்ல முடியாது. பாலிஷ்லதான் விட்டுர்றோம்."

"அடிச்சது நல்லாருக்கு" என்றாள் ரதி. அதை அவள் முகத்துக்காகச் சொல்லவில்லை. "பேடைக் கழுவறதே இல்ல உங்க ஆளுங்க. காஞ்ச மருந்தோட அடுத்த காருக்குப் போறாங்க."

"வாரத்துல ரெண்டு நாள் இங்க வந்து செஞ்சு குடுப்பீங்களா அக்கா?"

ரதி கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மூலையில் சுரண்டுகிறார்கள், காற்றில் தூசி மிதக்கிறது, கதவுப் பக்கமிருந்து வெயில் உள்ளே அடிக்கிறது.

"இங்க வரமாட்டேன். காரை என் வீட்டுக்கு அனுப்புங்க."

தேவன் யோசித்தான். அவனுடைய ஆட்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்றான். "இந்த மைவியத் திங்கக்கெழம அனுப்பட்டா? செவ்வாக் கெழமைக்குள்ள முடியுமா?"

ரதி கோப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் சட்டைப்பையில் சொருகியிருந்த மீட்டரைக் கை நீட்டி வாங்கினாள். மைவியின் கூரையில் வைத்தாள், கதவில் வைத்தாள், பானட்டில் ஆறு இடத்தில் வைத்தாள். கடையே காத்துக்கொண்டு நின்றது. அவள் அவசரப்படவில்லை. கடைசி எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"முடியும்" என்றாள்.